டிஜிட்டல் இருட்டறை – 6: கடைசிப் பெட்டி

சென்ற வாரம் 699 டாலர் பெட்டி ஒன்றைக் கடை அலமாரியில் வைத்துவிட்டுப் பிரிந்தோம். 2012-ல் வந்த போட்டோஷாப் சிஎஸ்6. அண்ணன் தாமஸ் நோலும் தம்பி ஜான் நோலும் உருவாக்கிய புரோகிராமை, 1990 பிப்ரவரியில் மேக் கணினிக்கு மட்டும் என்று அடோபி விற்க ஆரம்பித்ததல்லவா, அந்த வரிசையில் இது பதின்மூன்றாவது. பணத்தைக் கட்டு, டிவிடியைப் போடு, சீரியல் நம்பரைத் தட்டு. வேலை முடிந்தது. அடுத்த பதிப்பு பிடித்திருந்தால் 199 டாலருக்கு அப்கிரேடு செய்துகொள்ளலாம். பிடிக்காவிட்டால் கணினி உயிரோடு இருக்கும்வரை பழையதையே ஓட்டலாம். யாரும் கேட்க முடியாது.

அதுதான் கடைசிப் பெட்டி என்பது வாங்கியவர்கள் யாருக்கும் தெரியாது.

2013 மே 6, திங்கட்கிழமை. லாஸ் ஏஞ்சலிஸில் அடோபியின் ஆண்டு மாநாடான ‘மேக்ஸ்’ தொடங்குகிறது. நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி, ஹைதராபாத்தில் பிறந்த சாந்தனு நாராயண். பதவிக்கு வந்து ஐந்து ஆண்டுகள் தாண்டிவிட்டன. வரிசைப்படி அடுத்து வரவேண்டியது சிஎஸ்7. ஆனால் டிஜிட்டல் மீடியா பிரிவின் தலைவர் டேவிட் வாத்வானி கொண்டுவந்த செய்தி வேறு.

சிஎஸ்7 கிடையாது. சிஎஸ்8, சிஎஸ்9 எதுவும் கிடையாது. சிஎஸ்6 விற்பனையில் இருக்கும், ஆனால் அதற்குப் புது வசதி எதுவும் வராது. இனிமேல் புதிய போட்டோஷாப் வேண்டுமென்றால் ‘கிரியேட்டிவ் கிளவுட்’ சந்தாவில் சேரவேண்டும். போட்டோஷாப் மட்டும் போதுமென்றால் மாதம் 19.99 டாலர். அடோபியின் எல்லா சாஃப்ட்வேரும் வேண்டுமென்றால் 49.99 டாலர். இரண்டுமே ஓராண்டு ஒப்பந்தத்தோடு.

இணையத்தில் புயல் கிளம்பியது. முடிவைத் திரும்பப் பெறச் சொன்ன மனுவில் கையெழுத்துகள் முப்பதாயிரத்தைத் தாண்டின.

யாருக்கு அதிகம் வலித்தது? கணக்குப் போட்டால் தெரியும்.

எல்லா சாஃப்ட்வேரும் தேவைப்படும் விளம்பர நிறுவனத்துக்கு ‘மாஸ்டர் கலெக்‌ஷன்’ பெட்டியின் விலை 2,599 டாலர். மாதம் 49.99 வீதம் கட்டினால் அந்தத் தொகையை எட்ட 52 மாதங்கள் ஆகும். அதற்குள் இரண்டு முறையாவது புதுப்பதிப்புக்குத் தனியாகச் செலவழித்திருப்பார்கள். ஆக, அவர்களுக்கு லாபம். முதல்முறையாக போட்டோஷாப் வாங்குகிறவருக்கு 35 மாதங்களில் சந்தாவும் பெட்டியும் சமமாகிவிடும். முப்பத்தாறாவது மாதத்திலிருந்துதான் வித்தியாசம்: பெட்டிக்காரர் பாட்டுக்கு வேலை பார்ப்பார், சந்தாக்காரர் தொடர்ந்து கட்டிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். ஒருமுறை வாங்கிவிட்டு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருதரம் 199 டாலர் கொடுத்து அப்கிரேடு செய்துவந்த புகைப்படக்காரர். இடையில் வந்த பதிப்புகளை அவர் சீண்டவே மாட்டார். பழைய வாடிக்கையாளர் என்பதால் முதல் ஆண்டுக்குச் சலுகை உண்டு. அது முடிந்ததும் வருடத்துக்கு 240 டாலர். பாத்திரம் தேய்ப்பது போல வருடம் முழுக்கக் கல்யாணப் படம் தேய்த்துப் பிழைப்பவருக்கு இது நேரடி அடி. அதிகம் கொதித்தவர்களும் இவர்கள்தான்.

கோபம் நியாயம். ஆனால், கோபப்பட்ட பலர் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. போட்டோஷாப் மேகத்துக்குப் போகவே இல்லை!

*

பெயரில் கிளவுட் இருந்தாலும், கிரியேட்டிவ் கிளவுடின் போட்டோஷாப் சிசி வழக்கம்போல டவுன்லோடாகி உங்கள் ஹார்ட் டிஸ்க்கில்தான் உட்கார்ந்தது. உங்கள் புராசஸரில்தான் ஓடியது, உங்கள் மெமரியைத்தான் தின்றது. படங்களும் உங்கள் டிஸ்க்கிலேயே இருந்தன. கொஞ்சம் ஆன்லைன் சேமிப்பிடமும் தந்தார்கள், ஆனால் அதைத் தொடாமலே காலம் தள்ளலாம். அப்படியென்றால் மேகத்துக்குப் போனது எது?

அனுமதி.

மாதம் ஒருமுறையாவது அந்த சாஃப்ட்வேர் அடோபியின் சர்வரோடு பேசி, ‘இவர் பணம் கட்டியிருக்கிறாரா?’ என்று கேட்டுக்கொள்ளும். இணைப்பே கிடைக்காவிட்டால், மாதச் சந்தாக்காரருக்குச் சில வாரங்களும் ஆண்டுச் சந்தாக்காரருக்குச் சில மாதங்களும் தவணை. பிறகு பூட்டிக்கொள்ளும். நம் வீட்டு செட்டாப் பாக்ஸ் நம் ஹாலில்தான் இருக்கிறது, நம் கரண்டில்தான் ஓடுகிறது. ரீசார்ஜ் முடிந்த மறுநாள் திரையில் என்ன தெரியும்? அதே கதைதான்.

‘கிளவுடா, டெஸ்க்டாப்பா?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டுக் குழம்புகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். உண்மையில் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. புரோகிராம் எங்கே ஓடுகிறது? படம் எங்கே இருக்கிறது? அனுமதி யார் கையில்? மூன்றுக்கும் ஒரே பதில் வரவேண்டிய அவசியமில்லை.

போட்டோஷாப் சிசிக்குப் பதில்: இங்கே, இங்கே, அங்கே. இதற்கு நேர்மாறான ஒன்றும் அதே 2013-ல் பிறந்தது. இவான் குட்ஸ்கிர் என்ற இளைஞர் தனியாளாக எழுதிய ‘போட்டோபீ’. பிரவுசரில் திறக்கும், எதையும் இன்ஸ்டால் செய்யவேண்டாம். பார்க்க அப்பட்டமான ஆன்லைன் சாஃப்ட்வேர். ஆனால் திறக்கும் படம் எந்த சர்வருக்கும் ஏறுவதில்லை, எல்லா வேலையும் உங்கள் கணினியிலேயே நடக்கிறது. பெயரில் கிளவுட் இருந்தது டெஸ்க்டாப்பில் ஓடியது. பிரவுசருக்குள் இருந்தது படத்தை வீட்டைவிட்டு வெளியே அனுப்பவில்லை.

அப்படியானால் மூன்றையும் மேகத்தில் வைத்த ஆட்கள் யாருமே இல்லையா? இருந்தார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

*

ஐந்து ஆண்டுகள் பின்னால் போவோம். 2008 மார்ச் 27. ‘போட்டோஷாப் எக்ஸ்பிரஸ்’ என்ற இலவச ஆன்லைன் சேவையைச் சோதனை முறையில் அடோபி திறந்தது. 2 ஜிபி இடம் சும்மா. படத்தை ஏற்று, வெட்டு, வெளிச்சத்தைக் கூட்டு, நண்பர்களுக்குக் காட்டு. நன்றாகத்தான் இருந்தது, யாரோ சிலர் விதிமுறைகளைப் படித்துப் பார்க்கும்வரை.

நீங்கள் பொதுப்பார்வைக்கு வைக்கும் படங்களை அடோபி உலகம் முழுவதும், உங்களுக்குக் காசு தராமல், காலவரையின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. படம் எடுத்துப் பிழைப்பவர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு எழுந்த வேகத்தில் அடோபி பின்வாங்கியது. விதிமுறையைத் திருத்தி எழுதியது. படம் இன்னொருவர் வீட்டில் இருந்தால் அந்த வீட்டுச் சட்டம் படத்துக்கும் பொருந்தும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

இரண்டாவது கதை ‘பிக்னிக்’. 2005-ல் சியாட்டிலில் தொடங்கிய நிறுவனம். பிரவுசருக்குள்ளேயே படத்தைத் திருத்தலாம் என்பதைச் சாதாரண ஜனங்களுக்குக் காட்டியவர்கள் இவர்கள். கற்றுக்கொள்ளத் தேவையே இல்லாத அளவுக்கு எளிமை. 2010 மார்ச்சில் கூகுள் வாங்கியது. ஆஹா, இனி வளர்ச்சிதான் என்று ரசிகர்கள் நினைத்தார்கள். 2012 ஜனவரியில் மூடப்போவதாக அறிவிப்பு. ஏப்ரல் 19-ல் கதை முடிந்தது. சேவை பிரபலமாகத்தான் இருந்தது, பழுதும் ஒன்றுமில்லை. உரிமையாளருக்கு வேறு திட்டம் இருந்தது, அவ்வளவுதான்.

டெஸ்க்டாப் சாஃப்ட்வேரைத் தயாரித்த கம்பெனி மூடிவிட்டால், நம் டிஸ்க்கில் இருக்கும் பிரதி சில காலமாவது ஓடும். ஆன்லைன் சேவை மூடப்பட்டால் மறுநாள் காலையில் அந்த முகவரியில் ஒன்றும் இருக்காது.

இதெல்லாம் அடோபிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பிறகு ஏன் பெட்டியைக் கைவிட்டது?

*

பெட்டி வியாபாரத்தின் தலைவலியே அதன் நல்ல குணம்தான். சிஎஸ்6 நன்றாக இருந்தால் அதை வைத்திருப்பவர் சிஎஸ்7 வாங்கவேண்டிய கட்டாயமில்லை. தன்னுடைய பழைய சரக்கே தனக்குப் போட்டி. பெரிய பதிப்புக்குப் பெரிய பதிப்பு ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு இடைவெளி. இடையில் எழுதி முடித்த வசதியும் அடுத்த பெட்டி வரும்வரை காத்திருக்கவேண்டும். பதிப்பு வந்த ஆண்டு வருமானம் ஏறும், வராத ஆண்டு இறங்கும். சந்தா வந்தால் மாதாமாதம் பணம் வரும், மேடுபள்ளம் இருக்காது.

ஆனால் அங்கே போய்ச் சேரும்வரை ஒரு பள்ளத்தைத் தாண்டவேண்டும். 699 டாலர் மொத்தமாக வந்த இடத்தில் இப்போது இருபது இருபதாக வரும். 2012 நிதியாண்டில் அடோபியின் வருமானம் 440 கோடி டாலர், நிகர லாபம் 83 கோடி. 2013-ல் வருமானம் 406 கோடியாக இறங்கியது. லாபம் 29 கோடிக்கு விழுந்தது. மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்! வேறு கம்பெனியாக இருந்தால் பங்குச் சந்தை தோலை உரித்திருக்கும். அடோபியின் பங்கு விலையோ அந்த ஆண்டு ஏறியது. சந்தை பார்த்தது லாபத்தை அல்ல, சந்தாதாரர்களின் எண்ணிக்கையை. ஆண்டு முடிவில் அந்த எண்ணிக்கை 14 லட்சத்தைத் தாண்டியிருந்தது. கம்பெனி வைத்திருந்த இலக்கோ 12.5 லட்சம்.

சந்தா என்றால் மாதாமாதம் பணம் எடுக்கவேண்டும். அதற்கு வாடிக்கையாளரின் பெயர், மின்னஞ்சல், பாஸ்வேர்டு, கிரெடிட் கார்டு நம்பர் எல்லாம் அடோபியிடம் இருக்கவேண்டும். ஒரே இடத்தில், லட்சக்கணக்கானவர்களின் விவரம். அதன் மேல் வேறு சிலருக்கும் கண் இருந்தது.

*

2013 அக்டோபர் 3. ஊடுருவல் நடந்திருப்பதாக அடோபி ஒப்புக்கொண்டது. 29 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்கள், மறையாக்கம் செய்யப்பட்ட கார்டு நம்பர்கள் உட்பட, வெளியே போய்விட்டன. அந்த மாத முடிவுக்குள் எண்ணிக்கை மாறியது. பயனர்பெயரும் பாஸ்வேர்டும் பறிபோன, பயன்பாட்டில் இருந்த கணக்குகள் மட்டும் 3.8 கோடி. பழையது, கைவிடப்பட்டது எல்லாம் சேர்ந்து 15 கோடிக்கும் அதிகமான பதிவுகள் கொண்ட கோப்பு இணையத்தில் உலவத் தொடங்கியது.

பாஸ்வேர்டுகள் அப்படியே கிடக்கவில்லை, மறையாக்கம் செய்துதான் வைத்திருந்தார்கள். ஆனால் செய்த விதம் கோளாறு. ஒரே பாஸ்வேர்டை வைத்திருந்த எல்லோருக்கும் ஒரே மறையாக்கம் வந்தது. போதாததற்கு, மறந்துபோனால் நினைவூட்ட ஒவ்வொருவரும் எழுதி வைத்திருந்த குறிப்பு பூட்டே இல்லாமல் பக்கத்திலேயே இருந்தது. ஒரே மறையாக்கம் கொண்டவர்களின் குறிப்புகளையெல்லாம் வரிசையாக அடுக்கினால் பாஸ்வேர்டு தானாகவே வெளியே வந்துவிடும். ஆராய்ந்தவர்கள் பட்டியல் போட்டார்கள். முதலிடம்: 123456. ஏறக்குறைய 19 லட்சம் பேர்!

பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளரும் அலெக்ஸ் ஹோல்டன் என்ற பாதுகாப்பு ஆய்வாளரும் திருடர்களின் சர்வர் ஒன்றில் இன்னொன்றையும் கண்டார்கள். சுமார் 40 ஜிபி அளவுக்கு அடோபியின் சோர்ஸ் கோடு. போட்டோஷாப்பின் கோடும் திருட்டில் போயிருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

அதே ஆண்டு பிப்ரவரியில்தான், கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்கு போட்டோஷாப் 1.0.1-ன் சோர்ஸ் கோடை அடோபி கொடுத்திருந்தது. பெரும்பாலும் பாஸ்கல் மொழியில் எழுதிய 1,28,000 வரிகள். யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். இருபத்துமூன்று வயதான கோடை அடோபி தானே எடுத்துக் கொடுத்தது. புதிய கோடைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள்.

சிஎஸ்6 பெட்டியைக் கடையில் ரொக்கமாக வாங்கியவர் கார்டு நம்பரைக் கொடுக்கவேண்டியிருக்கவில்லை. மாதாமாதம் கட்டும் சந்தாவில் அது வழக்கமான வழியாக இருக்கவில்லை. இவ்வளவுக்குப் பிறகு சந்தாக்காரர்கள் கலைந்து ஓடியிருக்கவேண்டும் அல்லவா? நடந்ததோ தலைகீழ்.

*

காரணம், 9.99.

2013 செப்டம்பரிலேயே அடோபி ஒரு காயை நகர்த்தியிருந்தது. அதிகம் கொதித்த அந்த மூன்றாவது ஆளுக்கென்றே தனித்திட்டம். போட்டோஷாப், படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூம் இரண்டும் சேர்த்து மாதம் 9.99 டாலர். முதலில் சிஎஸ்3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு மட்டும். பிறகு எல்லோருக்கும். வருடத்துக்கு 120 டாலர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அப்கிரேடு செய்தவருக்கு ஏறக்குறைய பழைய செலவுதான். கோபம் இறங்கியது, கையெழுத்துப் போட்டவர்களிலும் சிலர் சத்தமில்லாமல் சேர்ந்தார்கள்.

அந்தத் திட்டத்தோடு 20 ஜிபி ஆன்லைன் இடமும் வந்தது. அது எவ்வளவு தாங்கும்? 24 மெகாபிக்சல் கேமராவில் ரா ஃபைல் ஒன்று சுமார் 25 எம்பி. ஒரு கல்யாணத்துக்கு 2,000 ஷாட் என்று வைத்தால் 50 ஜிபி. நலங்கும் முகூர்த்தமும் ஏறி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும். இடம் இருந்தாலும், விநாடிக்கு 10 மெகாபிட் அப்லோடு வேகத்தில் அந்த 50 ஜிபி ஏற 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஆல்பம் டிசைனையே முடித்துவிடலாம். மொத்தமாக ஷூட் செய்கிறவர்கள் ஆன்லைன் சேவைகளைத் தாண்டி உள்ளூர் ஹார்ட் டிஸ்க்கையே நம்புவதற்கு இந்த எளிய பெருக்கல்தான் காரணம். போனில் பத்துப் படம் எடுத்து அன்றே பகிர்கிறவருக்கு இதே பெருக்கல் நேரெதிரான விடையைத் தரும். அவருக்கு மேகமே வசதி.

ஆக, 2014 பிறக்கும்போது நிலவரம் இது: புரோகிராம் இங்கே, படம் இங்கே, அனுமதி அங்கே, விலையும் கட்டுப்படியாகிறது. அங்கே இருக்கும் அனுமதி ஒருநாள் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் சோதித்துப் பார்க்கப்படாமல் இருந்தது.

2014 மே 14, புதன்கிழமை, கலிபோர்னிய நேரம். அடோபியின் டேட்டாபேஸ் ஒன்றில் பராமரிப்பு வேலை. வழக்கமான வேலைதான். எங்கோ பிசகியது. அடோபி ஐடி கேட்கும் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் அடைத்துக்கொண்டன. உலகெங்கும் லாகின் படுத்துவிட்டது. வியாழன் மாலைதான் எழுந்தது. ஒரு முழு நாளுக்கும் மேல்.

ஏற்கெனவே லாகின் ஆகியிருந்த கணினிகளில் போட்டோஷாப் பெரும்பாலும் எப்போதும்போலத் திறந்தது. தவணைக் காலம் கைகொடுத்தது. அன்றைக்குப் பார்த்துப் புதுக் கணினி வாங்கியவர், தெரியாமல் லாக்-அவுட் செய்தவர், ஆன்லைன் சேமிப்பில் மட்டும் வேலையை வைத்திருந்தவர், இவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஒரே சாஃப்ட்வேர், ஒரே சந்தா, ஒரே நாள். ஒருவர் வேலை பார்த்தார், இன்னொருவர் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். யார் எதை எங்கே வைத்திருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அனுபவசாலிகள் அன்று முதல் சில பழக்கங்களைக் கைக்கொண்டார்கள். மூலப்படம் எப்போதும் சொந்த டிஸ்க்கில், இன்னொரு பிரதி வேறொரு டிஸ்க்கில். போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்போடு நிறுத்தாமல், முடிந்த படத்தின் டிஃப் அல்லது ஜேபெக் பிரதி ஒன்று. நாளை எந்த சாஃப்ட்வேர் கையில் இருந்தாலும் அது திறக்கும். லைட்ரூம்காரர்கள் இன்னும் கவனமாக இருந்தார்கள். லைட்ரூம் மூலப்படத்தைத் தொடாது. ‘வெளிச்சம் இவ்வளவு கூட்டு, ஓரம் இவ்வளவு வெட்டு’ என்ற கட்டளைகளை ‘கேட்டலாக்’ என்ற கோப்பில் எழுதி வைக்கும். படம் பத்திரமாக இருந்தாலும், அந்தக் கட்டளைகளைப் படிக்க லைட்ரூம் வேண்டும். வருடக்கணக்கான உழைப்பு அந்தச் சின்னக் கோப்புக்குள்தான்.

மே மாதத்து லாகின் கலாட்டா, சந்தாவை எதிர்த்தவர்களுக்குக் கரும்பாக இனித்தது. ‘காசு கொடுத்து வாங்கி, சொந்த டிஸ்க்கில் வைத்துக்கொள். அனுமதியும் உன்னிடம், படமும் உன்னிடம். எவனும் அசைக்க முடியாது.’ எங்கு பார்த்தாலும் இதே வசனம். அப்படிச் சொன்னவர்களில் கணிசமானோர் வேறொரு சாஃப்ட்வேரின் விசுவாசிகள். லைட்ரூமுக்கும் முன்பே, 2005-ல், 499 டாலர் விலையோடு களமிறங்கிய சாஃப்ட்வேர் அது. மாதச் சந்தா கிடையாது, மாதாந்திர விசாரணை கிடையாது. அதன் பின்னால் நின்றதோ உலகின் மிகப் பணக்கார நிறுவனங்களில் ஒன்று. ஆயிரக்கணக்கில் படங்களையும் கட்டளைகளையும் அதற்குள் நிம்மதியாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

அந்த நிம்மதி ஏறக்குறைய ஆறு வாரம் நீடித்தது. 2014 ஜூன் 27, வெள்ளிக்கிழமை. அந்த நிறுவனத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. இந்தமுறை அடி வாங்கியவர்கள் சந்தாக்காரர்கள் அல்லர். காசு கொடுத்துச் சொந்தமாக வாங்கியவர்கள். விழுந்தடித்துக்கொண்டு அவர்கள் போய்த் தட்டிய கதவு யாருடையது தெரியுமா?

(தொடரும்)